கற்பனைப் பரிணாம உலகத்துக்கு ஒரு பிணந்தின்னிப் புழு: வடிவமைக்கும் முறை

கற்பனைப் பரிணாமத்தில், அதாவது இல்லாத உயிர்களைப் பரிணாம விதிகளுக்கு ஏற்ப வடிவமைக்கும் கலையில், இறங்குபவர்கள் சீக்கிரமே வரைந்துவிடும் உயிர்களில் ஒன்று ராட்சதப் புழு. வட்ட வாய், வளையம் வளையமாகப் பற்கள், பத்து மீட்டர் நீளம். படம் மிரட்டும். ஆனால் அது எதைத் தின்கிறது, அடுத்த வேளைச் சாப்பாடு எப்போது, அதுவரை எதை எரித்து உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று கேட்டால் பதில் இருக்காது. பிணந்தின்னியை வடிவமைக்கும்போது அதன் உடலைக் கடைசியில்தான் தொட வேண்டும். முதலில் பிணத்தை முடிவு செய்யுங்கள். அடுத்து, ஒரு பிணத்துக்கும் மறு பிணத்துக்கும் நடுவே உள்ள பட்டினிக் காலத்தை முடிவு செய்யுங்கள். இந்த இரண்டும் கையில் இருந்தால் உடலின் முக்கால்வாசி தானாக வந்து நிற்கும்.

இங்கே ஒரே ஓர் உயிரை அடியிலிருந்து கட்டிக் காட்டுகிறோம். பெயர் மடுவாரி. அது வாழ்வது, பூமியின் சில உயிர்களை மட்டும் கொண்டுபோய் விட்ட ஒரு கற்பனைக் கோளில். வெள்ளாடு, காகம், கெளுத்தி, சேற்று மண்புழு ஆகியவை அங்கே போயின. ஈயும் முதலையும் போகவில்லை. 4 கோடி ஆண்டுகள் கடந்துவிட்டன. வெள்ளாட்டின் வழியில் வந்த, 80 கிலோ எடையுள்ள மந்தை விலங்குகள் ஆண்டுக்கு ஒருமுறை ஆற்றைக் கடக்கின்றன.

பிணம் எங்கிருந்து வருகிறது?

பிணத்தை மட்டுமே நம்பி வாழ்வது கடினமான பிழைப்பு. பிணம் எங்கே, எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. தேடி அலைந்தால் அலைச்சலுக்கே சாப்பாடு செலவாகிவிடும். முதுகெலும்பிகளில் முழுநேரப் பிணந்தின்னியாக இருக்க வேண்டுமென்றால் காற்றில் மிதந்து செல்லும் பெரிய பறவையாக இருக்க வேண்டும் என்று கிரேம் ரக்ஸ்டனும் டேவிட் ஹூஸ்டனும் 2004-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பிணந்தின்னிக் கழுகு சிறகை அடிக்காமலேயே நூறு கிலோமீட்டர் தேடும். புழுவால் அது முடியாது.

அப்படியானால் புழுவுக்கு இரண்டே வழிகள். ஒன்று, பிணம் தானாக வந்து சேரும் இடத்தில் குடியிருக்க வேண்டும். இல்லையென்றால் செலவே இல்லாமல் கிடந்து காத்திருக்க வேண்டும். ஆழ்கடல் உயிர்கள் இரண்டாவது வழியில் போயிருக்கின்றன. ஜப்பானின் தோபா மீன் காட்சியகத்தில் இருந்த ராட்சத ஐசோபாடு என்னும் ஆழ்கடல் ஓட்டுயிர் ஒன்று 2009 ஜனவரிக்குப் பிறகு எதையும் உண்ணாமல் 2014 பிப்ரவரி வரை உயிரோடு இருந்தது. முதல் வழிக்கு நல்ல சான்று கென்யாவின் மாரா ஆறு. வலசை போகும் காட்டுமாடுகள் (வில்டபீஸ்ட்) அந்த ஆற்றைக் கடக்கும்போது ஆண்டுக்குச் சராசரியாக 6,000-க்கும் மேல் மூழ்கிச் சாகின்றன. எடையில் ஏறத்தாழ 1,100 டன். மென்திசு 2 முதல் 10 வாரங்களில் போய்விடுகிறது. எலும்பு கரைய 7 ஆண்டுகள் ஆகின்றன. 2017-ல் வெளியான ஆய்வு சொல்லும் எண்கள் இவை. பிணந்தின்னி வடிவமைப்பவர்களுக்கு இதைவிட நல்ல முதலீடு கிடையாது. இடம் தெரியும், காலம் தெரியும், இறைச்சிக்கும் எலும்புக்கும் தனித்தனிக் கெடு இருக்கிறது.

மடுவாரிக்கு இரண்டு வழிகளையும் சேர்த்துக் கொடுக்கிறோம். மந்தை கடக்கும் துறையில் அது வாழாது. மிதந்து வரும் பிணங்கள் ஒதுங்கும் ஆற்று வளைவுகளில், மடுவின் ஓரச் சேற்றில் வாழும். பிணங்களின் வரத்து ஆறு வாரம். மீதி ஏறக்குறைய 320 நாள் பட்டினி.

ஈயை விட்டுவிட்டு வந்ததற்குக் காரணம் உண்டு. ஈ இருக்கும் உலகத்தில், நீருக்கு வெளியே தெரியும் எந்தப் பிணத்திலும் சில மணி நேரத்தில் முட்டை விழுந்துவிடும். ஓரிரு நாளில் ஆயிரக்கணக்கான புழுக்கள் அதை மொய்த்துவிடும். அந்த இடத்தில் புதிதாக ஒரு புழு நுழைய வழியே இல்லை. உங்கள் உலகத்தில் ஈ இருந்தால் உங்கள் புழுவை ஈ வராத இடத்துக்குத் தள்ளுங்கள்: ஆழமான நீர், உறைகுளிர், மண்ணுக்கடி. அந்தார்ட்டிகாவின் கடலடியில் பார்போர்லேசியா என்னும் நாடாப்புழு 2 மீட்டர்வரை வளர்ந்து, செத்த சீலையும் மீனையும் கும்பலாகத் தின்கிறது. குளிர்நீரில் ஆக்சிஜன் அதிகம், உடலின் செலவு குறைவு. அதனால்தான் அந்த அளவில் ஒரு புழு தோல் வழியாகவே மூச்சுவிட்டுப் பிழைக்க முடிகிறது.

பட்டினிக் கணக்கு

பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். இதைத் தாண்டாமல் படம் வரையக் கூடாது.

முதலில் ஓர் எடையை ஊகித்துக்கொள்ளுங்கள். மடுவாரிக்கு 500 கிராம். மண்புழு அளவிலான உயிரை அடிப்படையாக வைப்போம்: 5 கிராம் எடை, 15 டிகிரி வெப்பம், ஒரு கிராம் திசுவுக்கு மணிக்கு 50 மைக்ரோலிட்டர் ஆக்சிஜன். ஒரு மில்லிலிட்டர் ஆக்சிஜன் சுமார் 20 ஜூல் ஆற்றலுக்குச் சமம். ஆக, கிராமுக்கு மணிக்கு 1 ஜூல். உடல் பெரிதாகும்போது கிராமுக்கு ஆகும் செலவு குறையும். எடை விகிதத்தின் கால் அடுக்கால், அதாவது அதன் வர்க்கமூலத்தின் வர்க்கமூலத்தால், வகுக்க வேண்டும். எடை 100 மடங்கு கூடினால் கிராமுக்கு ஆகும் செலவு 0.32 மடங்காகும். 500 கிராம் மடுவாரிக்கு மணிக்கு ஏறக்குறைய 160 ஜூல், ஒரு நாளைக்கு 3.8 கிலோஜூல்.

கொழுப்பு ஒரு கிராமுக்கு 39 கிலோஜூல் தரும். அதாவது நாளொன்றுக்கு 0.1 கிராம் கொழுப்பு போதும். 320 நாளுக்கு 32 கிராம். வரத்து தாமதமாகும் ஆண்டுகளுக்காக ஒன்றரை மடங்கு வைத்தால் 50 கிராம் வரும், உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. எந்தப் புழுவுக்கும் சுமக்கக்கூடிய சுமைதான். மண்புழுவின் குடலைச் சுற்றியுள்ள குளோரகோஜன் திசு ஏற்கெனவே கொழுப்பையும் கிளைக்கோஜனையும் சேமிக்கிறது; அதையே தடிப்பாக்கினால் போதும்.

அதே 500 கிராமில் வெப்பரத்த உயிர் ஒன்றை வைத்தால் அடிப்படைச் செலவே நாளுக்கு 175 கிலோஜூல் ஆகிவிடும். அந்த 50 கிராம் கொழுப்பு 11 நாளில் தீரும். பிணந்தின்னிப் புழுவுக்கு வெப்பரத்தம் கொடுக்கலாமா என்று அடிக்கடி கேட்கப்படும் கேள்விக்கு இந்த ஒரு வரியே பதில்.

நீரின் வெப்பத்தையும் மறக்காதீர்கள். 10 டிகிரி கூடினால் செலவு சுமாராக இரட்டிப்பாகும். 25 டிகிரி ஆறு என்றால் 100 கிராம் கொழுப்பு வேண்டும். அதனால்தான் மடுவாரியை மேட்டுநிலத்து 15 டிகிரி ஆற்றில் வைத்திருக்கிறோம்.

இனி உணவு. அடிப்படைச் செலவு ஆண்டுக்கு 1.4 மெகாஜூல். வளர்ச்சி, நடமாட்டம், இனப்பெருக்கம் சேர்த்து 3 மெகாஜூல் என்று வையுங்கள். ஈரமான இறைச்சி கிராமுக்கு 6 கிலோஜூல், அதில் எழுபது சதவீதம் உடலில் சேர்கிறது என்றால் ஆண்டுக்கு 700 கிராம் இறைச்சி வேண்டும். இதை 350 கிராமாக இரண்டு விருந்துகளில் முடித்துவிடும்.

பத்து மீட்டர் புழு ஏன் நிற்காது?

20 செ.மீ. தடிமன், 10 மீட்டர் நீளம் என்றால் எடை ஏறக்குறைய 310 கிலோ. பலரும் இங்கே ஆக்சிஜனைத்தான் காரணமாகச் சொல்வார்கள். ஓரளவு சரிதான்: மடுவாரியோடு ஒப்பிட்டால் கிராமுக்குக் கிடைக்கும் தோல்பரப்பு எட்டில் ஒரு பங்காகிறது, தேவை ஐந்தில் ஒரு பங்காகத்தான் குறைகிறது. ஆனால் உண்மையில் முதலில் உடைவது சாப்பாட்டுக் கணக்கு. அதே சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். அதற்கு ஆண்டுக்கு 88 கிலோ இறைச்சி வேண்டும். ஒரு வளைவில் புழுக்களின் பங்காக 200 கிலோ ஒதுங்கினால் அங்கே இரண்டு புழுக்கள்தான் வாழலாம். இரண்டு பேரை வைத்து ஓர் இனம் நடக்காது.

முன்னோரைத் தேர்ந்தெடுத்தல்

உடலில் நீங்கள் வைக்க நினைக்கும் ஒவ்வோர் உறுப்புக்கும் உயிருள்ள உறவினர் யாரிடமாவது ஒரு தொடக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் துணிந்து வைக்கலாம். இல்லையென்றால் அதை விளக்கவே பத்துப் பக்கம் எழுத வேண்டியிருக்கும்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் பாப்பிரஸ் சதுப்புகளில் அல்மா எமினி என்ற மண்புழு இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத சேற்றுக்குள் தலை கிடக்க, வாலை மேலே நீட்டும். வாலின் முதுகுப்புறத்தில் உள்ள பள்ளத்தின் இரு ஓரமும் சுருண்டு குழாய்போல் ஆகும். அதற்குள் காற்றைப் பிடித்து மூச்சுவிடும். மடுவாரிக்கு இவரே முன்னோர். அழுகும் பிணத்தின் உள்ளே ஆக்சிஜன் துளியும் இருக்காது என்பதால், பின்பக்கத்தால் மூச்சுவிடுவது இந்தத் தொழிலுக்கென்றே செய்த ஏற்பாடு. ஈப்புழுவும் இதே தீர்வுக்குத் தனி வழியில் வந்து சேர்ந்தது. அதன் மூச்சுத்துளைகள் பின்முனையில் இருப்பதால் தலையை இறைச்சிக்குள் புதைத்துக்கொண்டே தின்ன முடிகிறது.

மண்புழுவிலிருந்து தாடையும் சேமிப்புக் குடலும் வருமா என்ற சந்தேகத்துக்கு அட்டையே சாட்சி. மண்புழு வகை முன்னோரிடமிருந்து கிளைத்த அட்டைகளில் மருத்துவ அட்டைக்கு மூன்று தாடைகள், ஒவ்வொன்றிலும் சுமார் 100 நுண்பற்கள். குடலில் பக்கவாட்டுப் பைகள். ஒரே வேளையில் தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் ரத்தம் குடித்துவிட்டு மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். நன்னீர் நண்டினங்களின் மேல் ஒட்டி வாழும் பிராங்கியோப்டெல்லா வகைப் புழுக்களும் அதே கிளையில் தாடை பெற்றிருக்கின்றன. எனவே 4 கோடி ஆண்டுகளில் மடுவாரி இதைச் செய்தது என்றால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள்.

உடலை மூன்றாகப் பிரிப்பது

நீளம் 1 மீட்டர், தடிமன் 2.5 செ.மீ. இந்த அளவில் உருளையின் கனம் ஏறக்குறைய 490 கன செ.மீ., நம் 500 கிராமுக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்து ராட்சத மண்புழுவும் சராசரியாக 1 மீட்டர் நீளம், 2 செ.மீ. தடிமன், இயற்கை சம்மதித்த அளவுக்குள்தான் இருக்கிறோம்.

முன்பகுதி 20 செ.மீ. தோண்டுவதும் கிழிப்பதும் இதன் வேலை. எலும்பில்லாத உடலுக்கு உடற்குழி நீர்தான் சட்டகம். வட்டத்தசை இறுகினால் கண்டம் (உடல் வளையம்) மெலிந்து நீளும், நீள்தசை இறுகினால் குறுகித் தடிக்கும். இது நடக்க ஒவ்வொரு கண்டத்துக்கும் நடுவே தடுப்புச்சுவர் வேண்டும். முன்பகுதியில் எல்லாத் தடுப்புகளையும் அப்படியே வைத்திருங்கள். மண்புழுவின் தோலில் உள்ள சீட்டா என்னும் நுண்முட்களைத் தடித்த கொக்கிகளாக்குங்கள்.

நடுப்பகுதி 45 செ.மீ. இது களஞ்சியம். குடல் பைகள் விரிய இடம் வேண்டுமென்றால் தடுப்புச்சுவர்கள் போக வேண்டும். தடுப்பு போனால் தோண்டும் சக்தி போகும், ஒரு காயம் பட்டால் மொத்த நீரும் வடியும். இந்த விலையை ஒப்புக்கொண்டு எழுதுங்கள். உங்கள் உயிர் நம்பும்படி இருப்பதற்குக் காரணம் அதன் வலிமை மட்டுமில்லை, அது எதை இழந்தது என்பதும்தான். நடுப்பகுதியைக் காப்பாற்ற தோலின் கொலாஜன் படலத்தைத் தடிப்பாக்கலாம். அங்கே தோல்வழி மூச்சு குறையும். வால் அதை ஈடுகட்டும்.

வால் 35 செ.மீ. மெல்லிய தோல், அடியிலேயே ரத்தக் குழாய்வலை, முதுகில் சுருளும் பள்ளம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் செல்களுக்குள் இல்லாமல் நேரே கரைந்திருக்கும், மண்புழுவைப் போலவே. எனவே வால் ஆழ்ந்த சிவப்பாகத் தெரியும். நுனித்தோலில் ஒளி உணரும் செல்கள். நிழல் விழுந்தால் ராட்சத நரம்பிழை வழியாகச் செய்தி ஓடி, வால் சட்டென்று உள்ளே இழுக்கப்படும். காகத்தின் வழிவந்தவை இந்த வாலுக்குத்தான் குறிவைக்கும். வால் அறுந்தால் திரும்ப வளரும், ஆனால் அதுவரை பிணத்துக்குள் நுழைய முடியாது. வரத்துக் காலத்தின் முதல் வாரத்தில் வாலை இழந்த மடுவாரிக்கு அந்த ஆண்டு விருந்து இல்லை. இப்படி ஒரு விளைவு வரையில் கொண்டுபோனால்தான் உறுப்பு என்பது அலங்காரமாக நிற்காமல் வாழ்க்கையாக மாறும்.

இந்த 35 செ.மீ. இன்னொன்றையும் தீர்மானித்துவிடுகிறது. வால் நுனி காற்றைத் தொட வேண்டும் என்பதால், 30 செ.மீ.க்கு மேல் மூழ்கிய பிணத்தை மடுவாரி தொட முடியாது. ஆழத்துப் பிணம் கெளுத்திக்கு, ஓரத்துப் பிணம் மடுவாரிக்கு, நீருக்கு மேலே தெரியும் பகுதி காகத்துக்கு. யார் எதைத் தின்பார்கள் என்ற பங்கீட்டை நாம் விதிக்கவில்லை. வாலின் நீளம் விதித்தது.

வாய் மூன்று தாடைகள். தடித்த தோலைக் கிழிக்கும் வலிமை அவற்றுக்கு இல்லை, தேவையும் இல்லை. ஆசனவாய், வாய், கண்குழி, காயம் என்று பிணத்தில் ஏற்கெனவே வழிகள் உண்டு. பிணந்தின்னும் கடலுயிரான ஹாக்மீனும் அந்த வழிகளில்தான் நுழைகிறது. தாடை முனையைத் துத்தநாகத்தால் உறுதியாக்கலாம். நெரிஸ் என்ற கடற்புழுவின் தாடையில் துத்தநாகமும் கிளிசெரா என்ற இன்னொரு கடற்புழுவின் தாடையில் தாமிரக் கனிமமும் இருக்கின்றன. வளையப் பற்களை விட்டுவிடச் சொல்வதற்கும் காரணம் உண்டு: உள்நோக்கிய பற்கள் பிடித்து வைக்கும், வெட்டாது. துண்டாக்க எதிர்விசை வேண்டும். மடுவாரி முன்பகுதிக் கொக்கிகளைத் திசுவில் ஊன்றி, தாடையால் கவ்வி, நீள்தசையால் பின்னுக்கு இழுக்கிறது. கூடவே செரிமான நீரை வெளியே உமிழ்ந்து திசுவைக் குழைய வைத்து, தொண்டைத் தசையால் உறிஞ்சுகிறது.

ஒரு விருந்து, மணிக் கணக்கில்

இதை எழுதிப் பார்க்காமல் எந்தப் பிணந்தின்னியையும் முடிக்காதீர்கள். ஓட்டைகள் எல்லாம் இங்கேதான் வெளியே வரும்.

பிணம் வளைவில் ஒதுங்குகிறது. அதிலிருந்து கரைந்து வரும் அமினோ அமிலங்களும், அடுத்த நாள் புட்ரசின், கடவெரின் போன்ற அழுகல் சேர்மங்களும் நீரோட்டத்தின் போக்கில் கீழே பரவும். எனவே மேலே இருக்கும் புழுவுக்குச் செய்தியே போகாது. பிணத்துக்குக் கீழ்ப்பக்கம் இருப்பவை மட்டும் எதிர்நீச்சலாக ஊர்ந்து வரும். நொடிக்கு 5 மில்லிமீட்டர் என்றால் மணிக்கு 18 மீட்டர், ஒரு முழு நாளில் 430 மீட்டர். அதற்கு மேல் தூரத்தில் இருப்பது வந்து சேர்வதற்குள் கூட்டம் கூடிவிடும். ஆக, ஒரு மடுவாரியின் உலகம் அரைக் கிலோமீட்டருக்குள் அடங்கும்.

இரண்டாம் நாள் வயிறு வாயுவால் உப்பத் தொடங்கும். நுழைய நல்ல நேரம் உப்புவதற்கு முன்பு. உப்பிய பிறகு பிணம் மிதந்து மறுபடி ஆற்றோடு போய்விடலாம். உள்ளே இருக்கும் புழுவும் கூடப் போகும். இது ஒரு கெட்ட செய்திபோல் தோன்றினாலும், புது வளைவுகளுக்கு இனம் பரவும் ஒரே வழி இதுதான். வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே 65 செ.மீ. உடல், வெளியே 35 செ.மீ. வால். நீருக்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்குச் சிவந்த நுனிகள் இருபது முப்பது நிற்கும். நிழல் பட்டால் எல்லாம் ஒன்றாக மறையும், மீண்டும் ஒவ்வொன்றாக எழும்.

350 கிராம் உள்ளே போனதும் நடுப்பகுதியின் தடிமன் 2.5-லிருந்து 4 செ.மீ. ஆகிவிடும். இங்கே பலரின் வடிவமைப்பு சிக்கிக்கொள்கிறது: பசியோடு கிளம்பிய வளைக்குள் வயிறு நிறைந்த புழு நுழையாது! எனவே வரத்துக்கு முந்தைய வாரங்களில் மடுவாரி தன் வளையை 4.5 செ.மீ. அகலத்துக்கு விரித்து, சளியால் பூசி வைக்கிறது. விருந்துக்குப் பின் நடுப்பகுதி அசையாது. முன்பகுதி கொக்கி போட்டு முழு உடலையும் இழுத்துப் போக வேண்டும். அந்த நேரத்தில் வேகம் கால்வாசியாகும், கெளுத்திக்கு எளிய இரை.

அழுகலும் நஞ்சும்

பிணத்துக்கு முதல் போட்டியாளர் பாக்டீரியா. அது உண்பதோடு நிற்காமல் நஞ்சையும் கலந்து மற்றவர்களை விரட்டுகிறது. பிணந்தின்னிக் கழுகு பி.ஹெச். 1-ஐ ஒட்டிய வயிற்று அமிலத்தால் இதைச் சமாளிக்கிறது. மண்புழு வழிவந்த உயிருக்கு அதையே ஒட்டிவிடாதீர்கள். அதன் வழக்கம் மாறானது. சுண்ணாம்புச் சுரப்பிகளால் உடலின் அமிலத்தன்மையைக் கட்டுப்படுத்தும் வம்சம் அது. மடுவாரி வேறு மூன்றை வைத்துச் சமாளிக்கிறது: உடற்குழி நீரில் உள்ள பாக்டீரியக் கொல்லிப் புரதங்கள், களஞ்சியக் குடலில் குடியிருந்து மற்ற பாக்டீரியாவை அடக்கும் துணைப் பாக்டீரியா, சேற்றின் குளிர். முதல் இரண்டுக்கும் முன்மாதிரி உண்டு. எருக்குழிப் புழுவான ஐசீனியாவின் உடற்குழி நீர் பாக்டீரியாவைக் கொல்லும். மருத்துவ அட்டையின் குடலில் ஏரோமோனாஸ் என்னும் துணைப் பாக்டீரியா வாழ்கிறது.

ஒரு நல்ல திருப்பம் இங்கே இலவசமாகக் கிடைக்கிறது. அழுகும் பிணத்தில் பாக்டீரியா உண்டாக்கும் பொட்டுலினம் நஞ்சு முதுகெலும்பிகளின் நரம்பைத்தான் தாக்கும், ஈப்புழுவை ஒன்றும் செய்யாது. அந்தப் புழுக்களைத் தின்னும் வாத்துகள் தசைகள் செயலிழந்து சாகின்றன. மடுவாரிக்கும் இதையே கொடுக்கலாம். ஆனால் நஞ்சு உண்டாக வெப்பம் வேண்டும். நீர் 25 டிகிரியைத் தாண்டும் அரிதான ஆண்டுகளில் மட்டும் வயிறு நிறைந்த மடுவாரி உயிர்க்கொல்லியாகும். எல்லா ஆண்டும் நஞ்சு என்று எழுதினால் காகங்கள் முற்றிலும் விலகிவிடும், உணவுச் சங்கிலியில் ஒரு கண்ணி அறும். சில ஆண்டுகளில் மட்டும் என்றால் காகங்கள் தயங்கித் தயங்கித் தின்னும். கதைக்கும் சூழலியலுக்கும் இதுவே வளம்.

குஞ்சுகளுக்கு எலும்பு

பெரியவர்களும் குஞ்சுகளும் ஒரே உணவுக்கு மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறைச்சி சில வாரம், எலும்பு 7 ஆண்டு என்ற வேறுபாட்டை இங்கே பயன்படுத்தலாம்.

மடுவாரி இருபாலி. ஆண்டு முழுக்கத் தனித்துக் கிடப்பவை ஒன்றாகச் சேர்வது பிணத்தில் மட்டுமே. எனவே புணர்ச்சியும் அங்கேயே நடக்கும். கிளைடெல்லம் என்னும் தடித்த தோல்பட்டை சுரக்கும் முட்டைக்கூடுகள் ஆளுக்குப் பத்து, கூட்டுக்கு ஒரு முட்டை. அவற்றை மண்டையோட்டுக்கு அடியிலும் உடைந்த கால் எலும்பின் குழியிலும் வைக்கும். மூன்று மாதத்தில் வெளிவரும் 3 செ.மீ. குஞ்சுகள் முதலில் எலும்பின்மேல் படரும் பாசியையும் பாக்டீரியப் படலத்தையும் சுரண்டும். பிறகு எலும்புக்குள்ளேயே இறங்கும்.

எலும்பைக் கரைக்க அமிலம் வேண்டும். 2002-ல் மான்டெரே விரிகுடாவின் ஆழத்தில், செத்த திமிங்கலத்தின் எலும்பில் கண்டெடுக்கப்பட்ட ஒசெடாக்ஸ் புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. வேர்போன்ற திசுவால் அமிலம் சுரந்து எலும்பைத் துளைத்து, உள்ளிருக்கும் துணைப் பாக்டீரியாவின் உதவியால் உண்கிறது. அந்த அமிலச் சுரப்பில் பங்குள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதி, மண்புழுவின் சுண்ணாம்புச் சுரப்பியிலும் வேலை செய்கிறது. சுண்ணாம்பைப் படியவைத்த நொதி, தோலில் இடம் மாறிச் சுண்ணாம்பைக் கரைக்க உதவுகிறது என்று காட்டினால் புதிதாக எதையும் படைக்க வேண்டியதில்லை. குஞ்சின் தலைத்தோலில் இந்தத் திட்டு இருக்கும். நாலாம் ஆண்டு தாடை முற்றியதும் அது மறையும்.

எண்ணிக்கை தாங்குமா?

ஒரு வளைவில் ஆண்டுக்கு 100 பிணம், ஒவ்வொன்றும் 80 கிலோ: 8 டன். எலும்பு, தோல், இரைப்பையில் கிடக்கும் புல் எல்லாம் போக இறைச்சியும் உறுப்பும் பாதி, 4 டன். கெளுத்தி, காகம், பாக்டீரியா, ஆறு எல்லாம் கொண்டுபோக மடுவாரிக்கு 5 சதவீதம் என்று அடக்கமாகவே வையுங்கள்: 200 கிலோ. தலைக்கு 700 கிராம் என்றால் சுமார் 280 பெரியவை. முதிர்ந்தபின் 10 ஆண்டு வாழும் என்றால் ஆண்டுக்கு 28 இடம் காலியாகும். இடப்படும் முட்டை 2,800. நூற்றுக்கு ஒன்று பிழைத்தால் இனம் நிலைக்கும். மண்ணில் வாழும் உயிருக்கு இது நம்பக்கூடிய விகிதம். உங்கள் கணக்கில் பாதி முட்டைகள் பிழைக்க வேண்டும் என்று வந்தால் முட்டை எண்ணிக்கையையோ ஆயுளையோ மாற்றுங்கள், கணக்கை மறைக்காதீர்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. மந்தை மூன்று ஆண்டு வேறு துறையில் கடந்தால்? 50 கிராம் கொழுப்பு 500 நாளுக்குத்தான். அதற்குப் பிறகு மண்புழுவைப் போலத் தசையையே எரித்துச் சுருங்க விடலாம். 500 கிராம் 200 கிராமாகும், அப்போதும் மூன்றாம் ஆண்டின் முடிவை எட்டுவது சிலவே. ஆனால் பழைய எலும்புகளில் குஞ்சுகள் இருக்கும். வளைவு மீண்டும் நிரம்புவது அவற்றால்தான்.

தாளில் கொண்டுவரும்போது

முதல் படம் குறுக்குவெட்டாக இருக்கட்டும்: முன், நடு, வால் மூன்றிலும் ஒவ்வொன்று, தசை அடுக்கும் ரத்தக் குழாயும் குடலும் தெரியும்படி. இரண்டாவது படத்தில் பசித்த உடலையும் நிறைந்த உடலையும் ஒரே அளவுகோலில் பக்கத்தில் வையுங்கள். வெளித்தோற்றம் மூன்றாவது. வண்ணத்தைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள். சேற்றுக்குள் வாழும் உயிருக்கு நிறம் பெரும்பாலும் ரத்தமும் சேறும்தான். நடுப்பகுதி வெளிறியும் வால் சிவந்தும் இருக்கும். கண் வரையும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

எழுத்தில், உறுப்புகளின் பட்டியலாகத் தொடங்காமல் ஆற்றின் வரத்து நாட்காட்டியிலிருந்து தொடங்குங்கள். எண்களை ஒரு தனிப் பெட்டியில் போடுங்கள்: எடை, நீளம், நாள் செலவு, ஆண்டு உணவு, பட்டினித் தாங்கும் நாள், முட்டை, ஆயுள், ஒரு வளைவின் எண்ணிக்கை. அடுத்து இதே உலகத்தில் வேறொருவர் கெளுத்தியின் வழிவந்ததை வடிவமைக்க வந்தால் அவருக்குத் தேவைப்படுவது இந்தப் பெட்டிதான். 280 மடுவாரியில் ஆண்டுக்கு எத்தனையைக் கெளுத்தி தின்னலாம் என்று அவர் அங்கிருந்தே கணக்கைத் தொடரலாம்.